பழைய கார்களில் குளிர்சாதனமும் த்ராட்டில் இணைப்பும்

பழைய கார்களில் குளிர்சாதனம் பொருத்துதல் என்பது, ஏசி வசதி இல்லாமல் தயாரிக்கப்பட்ட ஒரு காரில் பிற்காலத்தில் அவ்வசதியைச் சேர்க்கும் பட்டறைத் தொழிலாகும். 1950களில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் இது தனித் தொழிலாக வளர்ந்தது. இன்று பழங்கார்களைப் பேணும் ஆர்வலர்கள் உள்ள நாடுகள் பலவற்றிலும் இப்பணி நடைபெறுகிறது.

காருக்குள் குளிர்ந்த காற்று வருவது பயணியின் வசதிக்காக மட்டுமே என்று தோன்றும். ஆனால் குளிர்சாதனத்தின் கம்ப்ரசரைச் சுழற்றுவதும் காரை ஓட்டுவதும் ஒரே எஞ்சின். அந்த எஞ்சினுக்குள் எவ்வளவு காற்றும் எரிபொருளும் செல்ல வேண்டும் என்பதை முடிவு செய்வது த்ராட்டில். ஓட்டுநரின் கால் மிதிக்கும் ஆக்சிலரேட்டரையும் கார்புரேட்டரில் உள்ள த்ராட்டில் தகட்டையும் சேர்க்கும் கம்பி, நெம்புகோல், கேபிள், ஸ்பிரிங் ஆகியவற்றின் தொகுப்பே த்ராட்டில் இணைப்பு. குளிர்சாதனம் எஞ்சினின் சுமையைக் கூட்டுகிறது, பானெட்டுக்கு அடியில் இடத்தையும் பிடிக்கிறது. இவ்விரண்டும் த்ராட்டில் இணைப்பைப் பாதிக்கின்றன. எனவே பழைய காரில் ஏசி பொருத்துவோர் இரண்டையும் ஒன்றாகவே கருத வேண்டியுள்ளது.

மண்பானை முறை

கம்ப்ரசர் கொண்ட குளிர்சாதனம் வருவதற்கு முன் அமெரிக்காவின் தென்மேற்குப் பாலை மாநிலங்களில் வேறொரு கருவி புழக்கத்தில் இருந்தது. உருளை வடிவப் பெட்டி ஒன்றைக் காரின் பக்கவாட்டு ஜன்னலில் மாட்டி, அதற்குள் நீர் ஊற்றுவார்கள். கார் ஓடும்போது வெளிக்காற்று அப்பெட்டியினுள் உள்ள ஈரத் திண்டின் வழியாகப் புகுந்து குளிர்ந்து உள்ளே வரும். மண்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தையும் எடுத்துச் செல்வதால் பானைத் தண்ணீர் குளிர்கிறது. இக்கருவியும் அதே முறையில் இயங்கியது.

இதற்கு எஞ்சினின் உதவி தேவையில்லை. த்ராட்டிலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் காற்று உலர்ந்திருந்தால்தான் நீர் விரைவாக ஆவியாகும். அரிசோனாவில் பயன்பட்ட கருவி, கடலோர ஈரக்காற்று வீசும் ஹூஸ்டன் போன்ற நகரங்களில் அதிகம் பயன்படவில்லை. மழைக்காலப் புழுக்கத்தில் பானைத் தண்ணீர் கோடையில் குளிர்வதைப் போலக் குளிராதது இதனால்தான். ஈரமான வெப்பத்தை வெல்ல, காற்றிலிருந்து வெப்பத்தோடு ஈரத்தையும் பிரித்தெடுக்கும் இயந்திரம் தேவைப்பட்டது.

பாதுகாப்பான வாயு

அத்தகைய இயந்திரத்தைக் கட்டடங்களுக்காக வில்லிஸ் கேரியர் 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்திற்கு வடிவமைத்தார். ஆனால் அக்காலக் குளிர்பதன இயந்திரங்களில் அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு போன்ற நச்சு வாயுக்களே பயன்பட்டன. ஒரு பெரிய கட்டடத்தின் அடித்தளத்தில் அவற்றை வைத்துக் காக்கலாம். குலுங்கி ஓடும் காரில், மூடிய ஜன்னல்களுக்குள் அமர்ந்திருக்கும் குடும்பத்தின் அருகில் வைக்க முடியாது.

1928-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வேதியியலாளர் தாமஸ் மிட்ஜ்லியும் அவருடைய குழுவினரும், பின்னாளில் ஃபிரியான் என்று பெயர் பெற்ற குளோரோஃபுளோரோ கார்பன் சேர்மங்களைக் குளிர்பதனத்திற்கு ஏற்றவை என்று கண்டறிந்தனர். 1930-இல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் மிட்ஜ்லி அவ்வாயுவைத் தம் மூச்சில் இழுத்து, வெளியே ஊதி ஒரு மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். மனிதருக்கு நஞ்சில்லை, தீப்பற்றாது என்ற இரண்டையும் ஒரே மூச்சில் காட்டும் செய்முறை அது. இச்சேர்மங்களுள் ஆர்-12 எனப்படும் வாயு அடுத்த அறுபது ஆண்டுகளுக்குக் கார் குளிர்சாதனத்தின் அடிப்படையாக இருந்தது.

பேக்கார்டு கார், 1939

1939 நவம்பரில் சிகாகோவில் நடந்த கார் கண்காட்சியில் பேக்கார்டு நிறுவனம், 1940-ஆம் ஆண்டு மாடல் கார்களுக்கான குளிர்சாதனத்தை அறிமுகம் செய்தது. கருவியைத் தயாரித்தது கிளீவ்லாந்து நகரின் பிஷப் அண்டு பாப்காக் நிறுவனம். கூடுதல் விலை 274 டாலர். அன்றைய மலிவு விலைக் கார் ஒன்றின் விலையில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

கம்ப்ரசர் எஞ்சினோடு பெல்ட்டால் இணைக்கப்பட்டிருந்தது. காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் பின்னிருக்கைக்குப் பின்னால் இருந்து, டிக்கியின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டது. கம்ப்ரசரை நிறுத்தவும் ஓட்டவும் கிளட்ச் கிடையாது. எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் கம்ப்ரசரும் ஓடியது. குளிர்காலத்தில் அதை நிறுத்த வேண்டுமானால் பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும். உள்ளே இருப்பவர் கட்டுப்படுத்தக்கூடியது காற்றாடியின் வேகத்தை மட்டுமே.

1941-இல் காடிலாக் காரிலும் இத்தகைய ஏற்பாடு வந்தது. பேக்கார்டு அந்த மாடல் ஆண்டோடு இவ்வசதியைக் கைவிட்டது. அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியபின் 1942-இல் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியே நின்றுவிட்டது.

இந்த முதல் முயற்சியில் கற்ற பாடம் தெளிவானது. காரின் எஞ்சின் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சாலையில் விரையும்போது ஆற்றல் மிகுதியாக இருக்கும். சிக்னலில் நிற்கும்போது குறைந்துவிடும். ஆனால் வெயிலில் கார் நிற்கும் நேரத்தில்தான் உள்ளே இருப்பவருக்குக் குளிர் அதிகம் தேவைப்படுகிறது. எஞ்சினிடம் ஆற்றல் மிகக் குறைவாக உள்ள நேரமும் குளிர்சாதனம் மிகுதியாகக் கேட்கும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன.

த்ராட்டில் இணைப்பு வளர்ந்த விதம்

தொடக்கக் காலக் கார்களில் ஆக்சிலரேட்டர் மிதி எல்லாவற்றிலும் இருந்ததில்லை. 1908 முதல் 1927 வரை தயாரான ஃபோர்டு மாடல் டி காரில் காலடியில் மூன்று மிதிகள் இருந்தும் அவற்றில் ஒன்றுகூட ஆக்சிலரேட்டர் அன்று. ஸ்டீயரிங்கின் கீழ் வலப்புறம் இருந்த சிறு நெம்புகோலைக் கையால் நகர்த்தி வேகத்தைக் கூட்டினார்கள். கை வைத்த இடத்தில் அது நிற்கும். விட்டுவிட்டால் தானாகத் திரும்பாது.

கால்மிதி பரவியபோது, காலை எடுத்ததும் த்ராட்டில் தானாக மூட வேண்டும் என்ற தேவை எழுந்தது. அதற்காக ரிட்டர்ன் ஸ்பிரிங் சேர்ந்தது. மிதியிலிருந்து கார்புரேட்டர் வரை இரும்புக் கம்பிகள், முனைகளில் பந்து மூட்டுகள், திசையை மாற்றுவதற்கு முழங்கை போல் வளைந்த நெம்புகோல்கள் என இணைப்பு அமைந்தது.

1931-இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் காரில் எஞ்சினை ரப்பர் மவுண்டிங்குகளின் மேல் அமர்த்தியது. அதிர்வு குறைந்தது, பிற நிறுவனங்களும் இம்முறையைப் பின்பற்றின. ஆனால் ரப்பரின் மேல் அமர்ந்த எஞ்சின், வேகம் கூட்டும்போது ஒரு பக்கமாகச் சாய்கிறது. மிதி காரின் உடலோடும் கார்புரேட்டர் எஞ்சினோடும் பொருத்தப்பட்டவை. எனவே எஞ்சின் சாயும்போது இடையில் உள்ள கம்பி இழுபடவோ தள்ளப்படவோ கூடும். வடிவமைப்பாளர்கள் நெம்புகோல்களின் இடத்தைத் தேர்ந்து வைத்து இதைச் சமாளித்தனர்.

வேறொரு வழி மிதிவண்டியிலிருந்து வந்தது. எர்னஸ்ட் பவுடன் என்பவர் 1896-இல் காப்புரிமை பெற்ற, உறைக்குள் ஓடும் கேபிள் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. வளைந்து செல்லும் இக்கேபிள் எஞ்சினின் அசைவைத் தாங்கிக்கொள்ளும். 1960களிலிருந்து த்ராட்டில் இணைப்பில் கம்பிகளின் இடத்தை இது படிப்படியாகப் பிடித்தது.

குளிர்சாதனம் முன்புறம் வருதல்

போருக்குப் பின் 1953-இல் கிரைஸ்லர், ஜெனரல் மோட்டார்ஸ், பேக்கார்டு ஆகிய நிறுவனங்கள் மீண்டும் குளிர்சாதனக் கார்களை விற்கத் தொடங்கின. அப்போதும் கருவியின் முக்கியப் பகுதி டிக்கியில்தான் இருந்தது. சில கார்களில் குளிர்ந்த காற்று பின்கண்ணாடி ஓரமாகக் குழாய்களில் ஏறி, கூரை வழியாகப் பயணிகளுக்குக் கிடைத்தது.

1954-இல் நாஷ் நிறுவனம் தன் அம்பாசடர் காரில் முழு அமைப்பையும் முன்புறத்திற்குக் கொண்டுவந்தது. இந்தக் கார் வேறு. இந்தியச் சாலைகளில் ஓடிய, மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழிவந்த அம்பாசடர் வேறு. பெயர் மட்டுமே பொது. நாஷ் காரில் வெப்பமூட்டல், காற்றோட்டம், குளிரூட்டல் மூன்றும் ஒன்றாக இணைந்து டாஷ்போர்டு வழியாகக் காற்று வந்தது. விலை 345 டாலர். இந்நிறுவனத்தின் மற்றொரு பிரிவு கெல்வினேட்டர் குளிர்பதனப் பெட்டிகளைத் தயாரித்துவந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

இதே காலப்பகுதியில் மின்காந்தக் கிளட்ச் பரவலானது. விசையை அழுத்தினால் கிளட்ச் கம்ப்ரசரைப் பிடித்துக்கொள்ளும். அணைத்தால் பெல்ட் சக்கரம் மட்டும் வெறுமனே சுழலும். பெல்ட்டைக் கழற்ற வேண்டிய தொல்லை தீர்ந்தது. அதனோடு ஒரு புதிய சிக்கலும் பிறந்தது. முன்பு சுமை எப்போதும் இருந்தது. இப்போது எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில், திடீரெனச் சில குதிரைத்திறன் சுமை அதன்மீது விழுகிறது.

கார் நிற்கும்போது எஞ்சின் தானாக ஓடும் மெதுவேகத்தைப் பட்டறையில் ஐடிலிங் என்பர். நிமிடத்திற்கு 600 சுற்றளவில் ஓடும் எஞ்சின், கம்ப்ரசர் கிளட்ச் பிடித்த நொடியில் திணறும். சிறிய எஞ்சினானால் நின்றேவிடும். இதற்குத் தீர்வாகக் கார்புரேட்டரின் பக்கத்தில் ஒரு சிறு சொலினாய்டு பொருத்தப்பட்டது. ஏசி விசையை அழுத்தியதும் சொலினாய்டின் தண்டு வெளியே நீண்டு, த்ராட்டில் நெம்புகோலைச் சற்றே திறந்த நிலையில் தாங்கி நிற்கும். எஞ்சின் கூடுதல் சுமையைத் தாங்கும் அளவுக்கு வேகம் பெறும். சிறிய நான்கு சிலிண்டர் கார்களில் இதற்கு மறுதலையான ஏற்பாடும் இருந்தது. மிதியை முழுவதும் அழுத்தினால் ஒரு சுவிட்ச் கம்ப்ரசர் கிளட்சை விடுவித்து, முந்திச் செல்ல எஞ்சினின் முழு ஆற்றலையும் தரும்.

டெக்சஸ் பட்டறைகள்

தொழிற்சாலையில் பொருத்திய ஏசி விலையுயர்ந்த கார்களுக்கே கிடைத்த காலத்தில், சாதாரணக் கார் வைத்திருந்தோருக்கு டெக்சஸ் பட்டறைகள் வழி காட்டின. டாலஸ் நகரின் ஃபிரிஜிகார், ஜான் இ. மிட்சல் நிறுவனத்தின் மார்க் ஃபோர் முதலியவை அக்காலத்தில் பெயர் பெற்றவை. மிட்சல் நிறுவனம் அதற்கு முன் பருத்தி அரைவை ஆலைகளுக்கான இயந்திரங்களைச் செய்துவந்தது.

இவர்கள் விற்ற தொகுப்பில் டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் கூலிங் காயில் பெட்டி, ரேடியேட்டருக்கு முன் வைக்கும் கண்டன்சர், கம்ப்ரசர், அதைத் தாங்கும் பிராக்கெட், குழாய்கள் ஆகியவை இருந்தன. டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கிய பெட்டி பயணியின் முழங்காலில் இடிப்பது வழக்கம். இருந்தாலும் ஆகஸ்டு மாத வெயிலில் டெக்சஸ் மக்கள் அதைப் பொறுத்துக்கொண்டனர்.

கம்ப்ரசரை எங்கே வைப்பது என்பதே பொருத்துபவரின் முதல் கேள்வி. யார்க் நிறுவனத்தின் இரு சிலிண்டர் கம்ப்ரசர் உயரமானது. அதை எஞ்சினின் மேற்பகுதியில் வைத்தால் கார்புரேட்டர், ஏர் கிளீனர், த்ராட்டில் நெம்புகோல் ஆகியவற்றோடு இடத்துக்குப் போட்டியிடும். 1962-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த ஆறு சிலிண்டர் கம்ப்ரசர் நீண்ட உருளை வடிவமானது, கனமும் மிகுதி. 1970களில் ஜப்பானின் சாங்க்யோ நிறுவனம், அதாவது பிற்காலச் சாண்டன், தயாரித்த ஐந்து சிலிண்டர் கம்ப்ரசர் சிறியதாகவும் அதிர்வு குறைந்ததாகவும் இருந்தது. பழைய கார்களில் இன்று பொருத்தப்படும் கம்ப்ரசர்களில் இவ்வகையே பரவலானது.

1968-இல் அமெரிக்கன் மோட்டார்ஸ் தன் அம்பாசடர் காரில் கூடுதல் விலையின்றி ஏசியைத் தரத் தொடங்கியது. 1969 அளவில் அமெரிக்காவில் விற்ற புதிய உள்நாட்டுக் கார்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஏசி கொண்டவை. புதிய கார்களுக்கான பட்டறைத் தேவை குறைந்தபின், இத்தொழிலின் ஒரு பகுதி பழைய கார்களின் பக்கம் திரும்பியது. 1976-இல் டெக்சசின் சான் அன்டோனியோ நகரில் தொடங்கிய வின்டேஜ் ஏர் நிறுவனம் பழங்கார்களுக்கென்றே குளிர்சாதனத் தொகுப்புகளைத் தயாரிப்பதில் பெயர் பெற்றது.

1971-ஆம் ஆண்டின் படிப்பினை

த்ராட்டில் இணைப்பில் ஏற்படும் பிழை எவ்வளவு ஆபத்தானது என்பதை 1971 டிசம்பர் நிகழ்வு உலகறியச் செய்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சுமார் 67 லட்சம் ஷெவர்லே வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இவற்றில் பெரும்பாலானவை 1965 முதல் 1969 வரையிலான மாடல்கள்.

அவற்றின் எஞ்சின் மவுண்டிங்கில் ரப்பர் உலோகத்திலிருந்து பிரிந்துவிடும் குறை இருந்தது. இடப்பக்க மவுண்டிங் பிரிந்த நிலையில் ஓட்டுநர் வேகம் கூட்டினால், எஞ்சினின் இடப்பக்கம் மேலே எழும்பும். அப்போது த்ராட்டில் இணைப்பு இழுபட்டுத் திறந்துகொள்ளும். காலை எடுத்தாலும் வேகம் குறையாது. பிரேக்குக்கு உதவும் வெற்றிடக் குழாயும் கழன்றுபோகக் கூடும். வேகம் குறையாத காரை, பிரேக்கின் துணைவிசையும் இன்றி நிறுத்த வேண்டிய நிலை அது. எஞ்சின் எழும்பாமல் இருக்க ஓர் இரும்புக் கேபிளால் அதைக் கட்டிவைப்பதே நிறுவனம் செய்த திருத்தம்.

1973 செப்டம்பர் 1 முதல் அமெரிக்காவின் கூட்டாட்சி மோட்டார் வாகனப் பாதுகாப்பு விதி எண் 124 நடைமுறைக்கு வந்தது. ஓட்டுநர் காலை எடுத்ததும் த்ராட்டிலை மெதுவேக நிலைக்குத் திருப்பக் குறைந்தது இரண்டு விசைகள் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று அறுந்தாலும் மற்றொன்று தனியாக அப்பணியைச் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு ஸ்பிரிங்குக்கு இரண்டு ஸ்பிரிங் என்பது இவ்விதியின் எளிய வடிவம். அதற்கு முன் தயாரான கார்களை இவ்விதி கட்டுப்படுத்தாது. ஒரே ஸ்பிரிங்கை நம்பி இன்றும் ஓடும் பழங்கார்கள் உண்டு. ஏசி பொருத்தும் வேளையில் இரண்டாவது ஸ்பிரிங்கையும் சேர்த்துவிடுவது நல்ல பட்டறைகளின் வழக்கம்.

பொருத்தும் முறை

பழைய காரில் ஏசி பொருத்தும் பணி பொதுவாகக் கீழ்க்காணும் வரிசையில் நடைபெறும்.

முதலில் காரின் மின்சார, குளிர்விப்பு நிலைகளை ஆராய்வார்கள். 1950களின் நடுப்பகுதி வரை பல அமெரிக்கக் கார்களில் 6 வோல்ட் மின்சாரமும் டைனமோவும் இருந்தன. டைனமோ மெதுவேகத்தில் போதிய மின்சாரம் தருவதில்லை. காற்றாடியும் கிளட்சும் கேட்கும் மின்சாரத்திற்கு ஆல்டர்னேட்டர் தேவை. 1960-ஆம் ஆண்டு மாடலான வேலியன்ட் காரில் கிரைஸ்லர் அறிமுகப்படுத்திய கருவி இது. கண்டன்சர் ரேடியேட்டருக்கு முன் அமர்ந்து சூடான காற்றை அதன்மீது விடுவதால், அடைப்புள்ள பழைய ரேடியேட்டர் தாங்காது. அதைச் சுத்தம் செய்யவோ பெரிதாக்கவோ வேண்டும்.

அடுத்துக் கம்ப்ரசரின் பிராக்கெட். கம்ப்ரசரின் பெல்ட் சக்கரமும் எஞ்சினின் பெல்ட் சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். சிறிது விலகினாலும் பெல்ட் உரசித் தேயும் அல்லது கழன்று விழும். பிராக்கெட்டை எஞ்சினோடு மட்டுமே இணைக்க வேண்டும். எஞ்சின் அசையும்போது கம்ப்ரசரும் சேர்ந்து அசைந்தால்தான் பெல்ட்டின் இறுக்கம் மாறாது.

டாஷ்போர்டுக்குக் கீழ் கூலிங் காயில் பெட்டியை வைக்கும்போது ஆக்சிலரேட்டர் மிதியின் முழு ஓட்டத்தையும் அளந்து பார்ப்பர். பெட்டியின் மூலையோ, நீர் வடியும் குழாயோ, ஒயர்க் கட்டோ மிதியின் தண்டைத் தொடக்கூடாது. காற்றிலிருந்து பிரியும் ஈரம் வெளியேற வடிகுழாய் தாழ்வாக இறங்க வேண்டும். இல்லையேல் நீர் தரைவிரிப்பில் தேங்கி, பழைய காரின் தரைத்தகடு துருப்பிடிக்கும்.

பானெட்டுக்கு அடியில் புதிதாக வந்த கம்ப்ரசரும் குழாய்களும் பழைய கம்பியிணைப்பின் பாதையை மறித்தால், கம்பியை வளைக்கும் ஆசை எழும். அது தவறு. வளைத்த கம்பி நீளத்தில் குறையும்; த்ராட்டில் முழுவதும் திறக்காது அல்லது முழுவதும் மூடாது. நெம்புகோலின் இடத்தை மாற்றுவதோ, கேபிள் முறைக்கு மாறுவதோ சரியான வழி. கேபிள் வெப்பமான எக்சாஸ்ட் பகுதியைத் தொடாமலும், கூர்மையாக வளையாமலும் செல்ல வேண்டும்.

தானியங்கி கியர் உள்ள கார்களில் மற்றொரு கவனமும் தேவை. கிரைஸ்லரின் டார்க்ஃபிளைட் கியர்பெட்டி கார்புரேட்டரிலிருந்து வரும் ஒரு கம்பியின் வழியாகத் த்ராட்டிலின் நிலையை அறிகிறது. ஜெனரல் மோட்டார்சின் 1982-ஆம் ஆண்டு 700ஆர்4 கியர்பெட்டியில் கேபிள் ஒன்று அதே வேலையைச் செய்கிறது. கார்புரேட்டர் நெம்புகோலின் நீளமோ கோணமோ மாறினால் கியர்பெட்டிக்குள் எண்ணெய் அழுத்தம் குறையும். உள்ளே கிளட்ச் தகடுகள் நழுவிக் கருகும். ஏசிக்கு இடம் செய்யப்போய்க் கியர்பெட்டி வீணாகும் விபத்து இப்படித்தான் நேர்கிறது.

குழாய்கள் இணைந்தபின் அமைப்பிலுள்ள காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்பால் இழுத்தெடுப்பர். அழுத்தம் மிகக் குறையும்போது உள்ளே ஒட்டியிருக்கும் நீர் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். ஈரம் தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளையில் பனியாக உறைந்து அடைக்கும். நாளடைவில் அமிலமாகி உலோகத்தை அரிக்கும். அதன்பின் உரிய எடையளவு வாயு நிரப்பப்படும்.

இறுதிச் சோதனை த்ராட்டிலுக்குரியது. எஞ்சின் நின்ற நிலையில் ஒருவர் மிதியைத் தரைவரை அழுத்த, மற்றொருவர் கார்புரேட்டரில் தகடு முழுவதும் திறக்கிறதா, விட்டதும் முழுவதும் மூடுகிறதா என்று பார்ப்பார். ஸ்பிரிங்குகளில் ஒன்றை மாற்றி ஒன்றைக் கழற்றி இதையே திரும்பச் செய்வர். பின் எஞ்சினை ஓடவிட்டு, ஏசி இயங்கும்போதும் அணைந்தபோதும் மெதுவேகத்தைச் சரிசெய்வர். ஏசியை அணைத்ததும் சொலினாய்டின் தண்டு பின்வாங்கி, வேகம் பழைய நிலைக்கு இறங்க வேண்டும். கடைசியாக எஞ்சின் சாயும்போது எந்தக் குழாயும் நெம்புகோலில் சிக்கவில்லை என்பதை உறுதிசெய்வர்.

வாயு மாற்றம்

நச்சற்றது என்று மிட்ஜ்லி காட்டிய வாயு வேறு வகையில் தீங்கானது. 1974-இல் மாரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் ஆகிய அறிவியலாளர்கள், குளோரோஃபுளோரோ கார்பன்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கை அடைந்து ஓசோன் படலத்தைச் சிதைக்கின்றன என்று எழுதினர். 1995-இல் பால் குருட்சனுடன் இவர்களுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. அமெரிக்காவில் 1995 இறுதியோடு ஆர்-12 உற்பத்தி நின்றது. இந்தியாவும் உடன்படிக்கையின்படி 2010-க்குள் இவ்வாயுவைக் கைவிட்டது.

புதிய கார்கள் ஆர்-134ஏ வாயுவுக்கு மாறின. பழைய அமைப்பில் அதை அப்படியே நிரப்ப முடியாது. பழைய கம்ப்ரசரில் உள்ள கனிம எண்ணெய் புதிய வாயுவோடு கலந்து ஓடாது. அதனால் கம்ப்ரசருக்கு எண்ணெய் எட்டாமல் தேயும். எண்ணெயையும் ரப்பர் வளையங்களையும் வாயு உலர்த்தியையும் மாற்ற வேண்டும். புதிய வாயு அதிக அழுத்தத்தில் இயங்குவதால், பழைய கண்டன்சரைவிடத் திறன்மிக்க கண்டன்சரும் தேவைப்படலாம். கம்ப்ரசர் உந்த வேண்டிய அழுத்தம் கூடினால் எஞ்சினின் சுமையும் கூடும். ஆகவே வாயு மாற்றத்திற்குப் பின்னும் மெதுவேகத்தை மறுபடி சரிபார்க்க வேண்டியுள்ளது.

மூலத்தன்மை பற்றிய கருத்து வேறுபாடு

பழங்காரில் ஏசி பொருத்துவது சரியா என்பதில் ஆர்வலர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே கார் இருக்க வேண்டும் என்போர், டாஷ்போர்டிலும் எஞ்சினுக்குப் பின்னுள்ள தகட்டிலும் துளையிடுவதை எதிர்க்கின்றனர். துளையிட்ட தகட்டை முன்போல் ஆக்குவது எளிதன்று. வெயிலில் ஓட்ட முடியாத கார் கொட்டகையில் நின்று துருப்பிடிக்கும். ஓடும் காரே உயிர்வாழும் என்பது மறுதரப்பின் வாதம்.

நடைமுறையில் பலர் இடைவழியைப் பின்பற்றுகின்றனர். ஏற்கெனவே உள்ள துளைகளையும் திருகிடங்களையும் மட்டுமே பயன்படுத்துவது, கழற்றிய பழைய கம்பியிணைப்பைப் பெயரெழுதிப் பாதுகாப்பது, செய்த மாற்றங்களைக் குறித்துவைப்பது ஆகியவை அவ்வழியின் கூறுகள். பின்னால் வருபவர் விரும்பினால் காரைப் பழைய நிலைக்குத் திருப்ப இது உதவும்.

பிற்கால நிலை

1980களின் இறுதியில் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் பன்னிரண்டு சிலிண்டர் கார்களில் மின்னணுத் த்ராட்டில் வந்தது. மிதிக்கும் எஞ்சினுக்கும் இடையே கம்பியோ கேபிளோ இல்லை. இன்றைய கார்களில் கம்ப்ரசர் இயங்கப்போவதை அறிந்து, கணினியே த்ராட்டிலைத் தேவையான அளவு திறக்கிறது. 2003-இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் காரில் கம்ப்ரசர் மின்மோட்டாரால் இயங்கியது. எஞ்சின் நின்றிருக்கும்போதும் குளிர் கிடைத்தது. பேக்கார்டு காரில் பெல்ட்டால் பிணைக்கப்பட்ட எஞ்சினும் குளிர்சாதனமும் இவ்வாறு ஏறத்தாழ அறுபத்து நான்கு ஆண்டுகளில் பிரிந்தன.

மின்கம்ப்ரசர்களை இப்போது பழங்கார்களிலும் சிலர் பொருத்துகின்றனர். பெல்ட்டும் சொலினாய்டும் தேவையில்லாததால் த்ராட்டில் இணைப்பைத் தொடாமலே ஏசி சேர்க்க இது வழி செய்கிறது. ஆனால் அதற்கு ஈடான மின்சாரத்தைத் தரும் ஆல்டர்னேட்டரும் பேட்டரியும் வேண்டும். அந்த ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவது மீண்டும் அதே எஞ்சின்தான் என்பதால், கார் நிற்கும்போது மெதுவேகத்தைச் சோதிக்கும் வேலை இங்கும் மீதமிருக்கிறது.